ஏற்றுமதி ஆலையிலிருந்து அடுத்த தெருவுக்கு: வங்கதேசக் குழந்தை உரிமைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகளின் உரிமைகளைக் காப்பதில் ஒரு வளரும் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே இடறி நிற்கிறது என்பதை அறிய விரும்புவோர் வங்கதேசத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1993-94இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 133 பேர் ஐந்து வயதுக்குள் இறந்துகொண்டிருந்த அந்த நாட்டில், 2022இல் அந்த எண்ணிக்கை 31 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த 31ஐப் பதிவு செய்த அதே மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுதான், 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் பாதிப்பேர் பதினெட்டு வயது நிறையும் முன்பே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர்கள் என்பதையும் பதிவு செய்தது. அரசும் ஒன்று, வறுமையும் ஒன்று, வீடுகளும் பெரும்பாலும் அவையே. அப்படியிருக்க, உயிர்வாழும் உரிமை இவ்வளவு வேகமாக முன்னேறியபோது, வேலையிலிருந்தும் இளவயதுத் திருமணத்திலிருந்தும் காக்கப்படும் உரிமை ஏன் பின்தங்கியது?

சட்டத்தின் குறைபாடு, வறுமை, மதம், ஊழல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கடந்த முப்பது ஆண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது வேறொன்று தெளிவாகிறது. ஒரு நடவடிக்கை எடுக்கப்பட்ட பிறகு அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று யாராவது தேடிப்போய்ப் பார்த்த இடங்களில் மாற்றம் நிலைத்திருக்கிறது. காகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த இடங்களில் குழந்தை கண்ணில் படாத ஓரிடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

வங்கதேசம் குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 1990இலேயே ஏற்றுக்கொண்டது. சிந்தனை மற்றும் மதச் சுதந்திரம் தொடர்பான 14ஆம் பிரிவின் முதல் பகுதியையும், தத்தெடுப்பு தொடர்பான 21ஆம் பிரிவையும் மட்டும் அது விலக்கிவைத்தது. அதே ஆண்டில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டமும் வந்தது. தொடக்கம் நன்றாகவே இருந்தது.

ஆலைகளிலிருந்து வெளியேற்றம்: 1992 முதல் 1995 வரை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் டாக்காவிலும் சிட்டகாங்கிலும் ஆயத்த ஆடை ஆலைகள் பெருகியபோது, தையல் எந்திரங்களின் வரிசைகளுக்கு இடையே சிறுவர்களும் சிறுமிகளும் வேலை செய்தார்கள். அவர்கள் பெரும்பாலும் எந்திரத்தில் உட்காரவில்லை. தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது, ஒரு மேசையில் முடிந்த துண்டுகளை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது, துணியைப் பிடித்துக்கொடுப்பது, மடித்து அடுக்குவது ஆகியவை அவர்கள் வேலைகள். ‘ஹெல்பர்’ என்பது அவர்களுடைய பதவிப் பெயர். ஏற்றுமதிக் கப்பலுக்கான கெடு நெருங்கும் நாட்களில் இரவு வரை அவர்களும் நின்றார்கள். பல பிள்ளைகள் தாயோ அக்காவோ வேலை செய்யும் ஆலைக்கே உடன் வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் தனியே விட்டுவர வழியில்லாததால் குடும்பமே ஆலைக்குள் நுழைந்த கதையும் இதற்குள் இருக்கிறது.

1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தை உழைப்பால் உருவான பொருட்களின் இறக்குமதியைத் தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனால் சட்டமாகிவிடுமோ என்ற அச்சமே ஆலை முதலாளிகளுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டில் அவர்கள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். சுமார் 50,000 பேர் என்று யூனிசெஃப் பின்னர் மதிப்பிட்டது. எந்தப் பள்ளியும் அவர்களுக்காகத் திறக்கப்படவில்லை. எந்தக் குடும்பத்துக்கும் மாற்று வருமானம் காட்டப்படவில்லை. வெளியேற்றப்பட்டவர்களில் சிலரைப் பின்னர் தேடிச் சென்றவர்கள், அவர்கள் கல் உடைக்கும் வேலையிலும் தெரு வியாபாரத்திலும் பாலியல் தொழிலிலும் சிக்கியிருப்பதைக் கண்டார்கள். நூல் பிசிறு வெட்டிய கைகள் செங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும் சுத்தியலைப் பிடித்திருந்தன. குழந்தைகளின் நன்மைக்கென்று எடுக்கப்பட்ட ஒரு முயற்சி, சட்டமாகும் முன்பே அவர்களை இன்னும் மோசமான வேலைகளுக்குத் தள்ளியது. குழந்தை உழைப்பை எதிர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்; எதிர்ப்பைக் கைவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எதிர்ப்பின் வரிசை முறையைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்த வரிசை முறையைத் திருத்திய ஆவணம் 1995 ஜூலை 4இல் கையெழுத்தானது. ஆடை உற்பத்தியாளர்கள் மற்றும் ஏற்றுமதியாளர்கள் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யூனிசெஃப் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் அது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இனிப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவர்களைப் பள்ளியில் இடம் தயாரான பிறகே வெளியே அனுப்ப வேண்டும். வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 300 டாகா (வங்கதேச நாணயம்) உதவித்தொகை தர வேண்டும். முடிந்தால் அதே குடும்பத்தில் தகுதியுள்ள ஒரு பெரியவருக்கு வேலை தர வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. கண்காணிப்புக் குழுக்கள் முன்னறிவிப்பின்றி ஆலைகளுக்குள் நுழைந்தன. 1995இல் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளில் இருந்த சிறார் உழைப்பு, 2001 வாக்கில் ஐந்துக்கும் கீழே வந்தது. பிள்ளைக்கு முதலில் பள்ளியில் ஓர் இடம், அதற்குப் பிறகே வேலைநீக்கம் என்ற அந்த நிபந்தனைதான் இந்த ஒப்பந்தத்தின் உயிர்.

ஆனால் ஒரு கணக்கை இங்கே கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆலைகளில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் கிடைத்த சிறார்கள் சுமார் 10,500 பேர். அவர்களில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் பள்ளிகளில் சேர்ந்தார்கள். அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை. மேலும் 300 டாகா என்பது பல பிள்ளைகள் ஆலையில் வாங்கிவந்த சம்பளத்தைவிடக் குறைவு. ஆகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளிலும் சிலர் மாலையில் வேறு வேலைக்குப் போனார்கள். இந்த ஒப்பந்தத்தை முழு வெற்றி என்று சொல்பவர்களும், வெறும் ஏற்றுமதித் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் இந்த விவரங்களில் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

வாங்குபவர் கண் படாத இடங்கள்

ஏற்றுமதி ஆலைக்கு வெளிநாட்டு நிறுவனத்தின் கண்காணிப்பு உண்டு. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் சிறு பட்டறைக்கும், தோல் பதனிடும் கூடத்துக்கும், பீடி சுற்றும் வீட்டுக்கும், வாகனம் பழுதுபார்க்கும் கொட்டகைக்கும், வசதியான வீட்டின் சமையலறைக்கும் அப்படி ஒரு கண்காணிப்பு இல்லை. 2006இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதைக் குறைந்தபட்ச வயதாக வைத்தது. ஆனால் வீட்டுவேலை செய்வோரைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. 2015இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென ஒரு கொள்கை வந்தபோதும் அதற்குச் சட்டத்தின் வலு இருக்கவில்லை. பூட்டிய கதவுக்குள் இரவும் பகலும் வாழும் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியை எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் போய்ப் பார்ப்பதில்லை.

2021 ஜூலை 8 அன்று, டாக்காவை அடுத்த நாராயண்கஞ்ச் மாவட்டத்தின் ரூப்கஞ்ச் பகுதியிலிருந்த ஓர் உணவுப்பொருள் ஆலையில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள். 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு ஏற்றுமதி ஆடை ஆலைகளின் கட்டடங்களும் மின்கம்பிகளும் அவசர வழிகளும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. அந்தச் சோதனை உணவு ஆலைகளின் வாசலுக்கு வரவில்லை.

அரசின் சொந்தக் கணக்கெடுப்புகளும் இதையே சொல்கின்றன. 2013இல் வேலை செய்த சிறார்கள் 34.5 லட்சம், 2022இல் 35.4 லட்சம். சட்டப்படி ‘குழந்தைத் தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருவோர் 17 லட்சத்திலிருந்து 17.76 லட்சமானார்கள். அபாயமான வேலைகளில் இருந்தோர் மட்டும் 12.8 லட்சத்திலிருந்து 10.68 லட்சமாகக் குறைந்தார்கள். அந்த இரண்டு லட்சம் குறைவை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆனாலும் 2003க்கும் 2013க்கும் இடையே சுமார் 32 லட்சத்திலிருந்து பாதியாகச் சரிந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை, அதற்கடுத்த ஒன்பது ஆண்டுகளில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. 2025க்குள் குழந்தை உழைப்பை ஒழிப்பது என்ற வாக்குறுதி இந்த எண்களுக்கு மேல்தான் நின்றது. குறைந்தபட்ச வயது குறித்த சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை வங்கதேசம் ஏற்றுக்கொண்டதும் 2022 மார்ச்சில்தான்.

இதற்குள் ஒரு சட்ட இடைவெளி இருக்கிறது. அதிகம் பேசப்படாத அதுவே என் பார்வையில் மிக முக்கியமான தடை. கட்டாயக் கல்வி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அப்போது பிள்ளைக்குப் பத்து வயது. வேலைக்குச் செல்லச் சட்டம் அனுமதிப்பதோ பதினான்கு வயதில். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளை பள்ளியில் இருந்தாக வேண்டும் என்றும் சட்டம் வற்புறுத்தவில்லை, வேலையில் இருக்கவும் சட்டம் இடம் தரவில்லை. ஏழைக் குடும்பத்துப் பதினொரு வயதுச் சிறுவன் அந்த ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதற்கு விடை மேலே உள்ள கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. தொடக்கக் கல்வியை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்று 2010இன் தேசியக் கல்விக் கொள்கையே சொன்னது. கட்டாயக் கல்வியின் எல்லை அதனால் மாறிவிடவில்லை.

ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

உயிர்வாழும் உரிமையில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1980இல் பிராக் என்ற உள்நாட்டுத் தொண்டு நிறுவனம், வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் இறப்பதைத் தடுக்க வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு ஒரு கரைசலைச் செய்யக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பொட்டலமும் வேண்டியதில்லை, மருந்துக்கடையும் வேண்டியதில்லை. கற்பிக்கும் பெண் தாயின் எதிரே உட்கார்ந்து, நினைவில் வைக்க வேண்டிய பத்துக் குறிப்புகளைச் சொல்லி, கரைசலைத் தாயின் கையாலேயே செய்யவைத்தார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ நாடு முழுவதும், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இது நடந்தது.

அந்தப் பணியாளரின் சம்பளம், அவர் எத்தனை வீடு ஏறினார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அதே ஊருக்குப் போய், பத்தில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, தாய்க்கு எத்தனை குறிப்பு நினைவிருக்கிறது, அவர் செய்து காட்டும் கரைசலில் உப்பின் அளவு சரியா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊதியம். பாடம் நினைவிருந்தும் பல வீடுகளில் கரைசலைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது காரணத்தைத் தேடினார்கள். கற்பித்தவர்களுக்கே கரைசலில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் இதைப் பேசவில்லை என்பதும் தெரிந்தன. பணியாளர்களை டாக்கா காலரா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கரைசல் வேலை செய்வதை அவர்கள் கண்ணால் காணச் செய்தார்கள். சந்தையிலும் மசூதி வாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். எண்பதுகளின் நடுவில் மிகச் சிலரையே எட்டியிருந்த தடுப்பூசித் திட்டமும் 1990க்குள் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளை எட்டியது. ஏழை நாட்டால் முடியாது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

வயதைச் சொல்லும் காகிதம்

பெண் கல்வியில் வங்கதேசம் செய்தது பெருமைக்குரியது. 1982இல் சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தி உபஜில்லாவில் (மாவட்டத்தின் உட்பிரிவு) சோதனையாகத் தொடங்கிய பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை, 1994இல் ஊரகப் பகுதிகள் முழுவதற்கும் விரிந்தது. நூற்றுக்கு 75 நாள் வருகை, 45 மதிப்பெண், திருமணமாகாத நிலை ஆகிய மூன்றும் நிபந்தனைகள். பணம் மாணவியின் பெயரிலேயே தொடங்கப்பட்ட வங்கிக் கணக்கில் சேர்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பது பல கிராமங்களில் அதுவே முதல் முறை. உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டி, பிறகு தாண்டியது.

இருந்தும் இளவயதுத் திருமணம் மெதுவாகவே குறைந்தது: 2011இல் நூற்றுக்கு 65, 2017-18இல் 59, 2022இல் 50. வரதட்சணை வயதோடு ஏறுகிறது. ஆற்றங்கரைகளில் வெள்ளமும் கரையரிப்பும் நிலத்தைக் கொண்டுபோனால் மகளை முதலில் கரைசேர்க்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் நேரும் சீண்டல்களுக்குத் திருமணமே பாதுகாப்பு என்றும் நம்புகிறார்கள். இந்தக் காரணங்களைப் பெற்றோரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

அரசு நிற்க வேண்டிய இடம் வயதுச் சான்றில் இருக்கிறது. 2004இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. பள்ளிச் சேர்க்கைக்கும் திருமணப் பதிவுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் பிறப்புப் பதிவு பெற்றவர்கள் 2006இல் நூற்றுக்குப் பத்துப் பேர், 2012-13இல் 37, 2019இல் 56. பிறந்தவுடன் பதிவாகாத குழந்தைக்கு வயது தேவைப்படும் நேரத்தில்தான் சான்றிதழ் எழுதப்படுகிறது. தேவைக்கு ஏற்ற வயதும் அப்போதே எழுதப்படுகிறது. யூனியன் பரிஷத் எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் பிறந்த ஆண்டு இரண்டு மூன்று பின்னோக்கி நகர்வதும், அது முடியாவிட்டால் நோட்டரியிடம் ‘பதினெட்டு நிறைந்தது’ என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்குவதும், அதையும் கேட்காத காஜி (திருமணப் பதிவாளர்) ஒருவரைப் பக்கத்து ஊரில் தேடிப் பிடிப்பதும் அங்கே எல்லோரும் அறிந்த வழிகள். உபஜில்லா அதிகாரி தகவல் அறிந்து வந்து நிறுத்திய திருமணம், சில நாள் கழித்து வேறொரு உறவினர் வீட்டில் சத்தமில்லாமல் நடந்துவிடுவதும் உண்டு. நிறுத்தியதைச் செய்தித்தாள் எழுதும். அந்தப் பெண் அடுத்த மாதம் பள்ளியில் இருந்தாளா என்று யாரும் எழுதுவதில்லை.

2014இல் லண்டனில் நடந்த மாநாட்டில் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, பதினைந்து வயதுக்குட்பட்டோர் திருமணத்தை 2021க்குள்ளும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் திருமணத்தை 2041க்குள்ளும் முற்றாக ஒழிப்பதாக அறிவித்தார். அதே ஆண்டில் பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகக் குறைக்கும் யோசனை எழுந்தது. கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. ஆனால் 1929ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2017 பிப்ரவரியில் நிறைவேறிய புதிய சட்டம், தண்டனைகளைக் கடுமையாக்கிவிட்டு, 19ஆம் பிரிவில் ஒரு வழியைத் திறந்துவைத்தது: ‘சிறப்புச் சூழ்நிலையில்’, நீதிமன்ற அனுமதியோடும் பெற்றோர் சம்மதத்தோடும், சிறாரின் நலன் கருதி நடக்கும் திருமணம் குற்றமாகாது. அதற்குக் கீழ்வயது எல்லை எதுவும் குறிக்கப்படவில்லை. வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்ற சிறுமியை அந்தக் குற்றத்தைச் செய்தவனுக்கே மணமுடித்துக் கொடுக்க இது துணைபோகும் என்று பெண்கள் அமைப்புகள் சொன்ன எச்சரிக்கை நியாயமானது. சம்மதம் சொல்லும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்த அந்தப் பிரிவு, மணமாகப்போகும் சிறுமியின் சம்மதத்தைக் கேட்கவே இல்லை.

அடித்தலும் தடுப்புக்காவலும் தனி ஆய்வுக்குரியவை, சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். பள்ளிகளில் உடல் தண்டனை சட்டவிரோதம் என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு ஆய்விலும், 14 வயது வரையிலான பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அதற்கு முந்தைய மாதத்தில் வீட்டிலேயே அடியையோ கடும் ஏச்சையோ அனுபவித்திருந்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையாக ஏற்று, தனி நீதிமன்றங்களையும் காவல் நிலையங்களில் தனி அலுவலர்களையும் ஏற்படுத்தச் சொன்னது. 2020 ஆகஸ்டில் ஜெசோரில் உள்ள அரசுச் சிறார் மேம்பாட்டு மையத்துக்குள்ளேயே மூன்று பதின்வயதினர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

பெருந்தொற்று இந்த எல்லாத் தடைகளையும் ஒரே நேரத்தில் பெரிதாக்கியது. 2020 மார்ச் 17 முதல் 2021 செப்டம்பர் 12 வரை வங்கதேசத்தின் பள்ளிகள் மூடியிருந்தன. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் அதுவும் ஒன்று. திறந்த அன்று வகுப்பில் காலியாக இருந்த இருக்கைகளின் பெயர்கள் ஆசிரியர்களிடம் இருந்தன. அவற்றில் எவை திருமணத்துக்குப் போயின, எவை பட்டறைக்குப் போயின என்று வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் ஏற்பாடு நாடு தழுவிய அளவில் அமைக்கப்படவில்லை. அந்த நாட்டுக்கு அது புதிய வேலை அல்ல. பத்தில் ஒரு வீட்டுக்குப் போய் உப்பின் அளவைச் சரிபார்த்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

ஆகவே இன்று செய்ய வேண்டியவற்றில் முதலாவது, கட்டாயக் கல்வியை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்கும் திருத்தத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கொண்டுவருவது. உதவித்தொகையைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் கூலிக்கு நெருக்கமாக உயர்த்தாமல் அந்தத் திருத்தம் பலிக்காது என்பதை 300 டாகா அனுபவம் சொல்லிவிட்டது. 19ஆம் பிரிவை நீக்க வேண்டும். தடுப்பூசி போட வரும் முதல் வாரங்களிலேயே, குழந்தை இன்னும் தாயின் மடியில் இருக்கும்போதே, பிறப்பைப் பதிந்துவிட வேண்டும், ஏனெனில் சில வாரக் குழந்தையின் வயதைப் பொய்யாக எழுதுவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை. உள்நாட்டுப் பட்டறையிலிருந்தோ வீட்டுவேலையிலிருந்தோ ஆய்வாளர் ஒரு பிள்ளையை மீட்டால், அந்தப் பிள்ளையின் பெயர் அன்றே அருகிலுள்ள பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று மாதம் கழித்து வேறொருவர் அந்தப் பள்ளிக்குப் போய் அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வழக்குப் பதிவோடு கோப்பை மூடும் இன்றைய நடைமுறை அதற்குப் பிறகே மாறும்.